நகையை அடகு வைப்பதற்கு முன்னால்: விமான மெக்கானிக் படிப்பும் சம்பளமும்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பையன்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. ஐஎன்எஸ் பருந்து கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர்கள் தென்னந்தோப்புக்கு மேலே தாழப் பறப்பதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். இப்போது சென்னையில் பயணிகள் விமானங்களைப் பராமரிக்கும் இன்ஜினியராக இருக்கிறேன். ஒவ்வொரு முறை லீவில் வரும்போதும் யாராவது ஒரு அப்பா என்னைத் தேடி வருகிறார்.

போன முறை வந்தவர் தங்கச்சிமடத்து மீனவர். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கையில் ஒரு பளபளப்பான நோட்டீஸ். "ரெண்டு வருஷம் படிச்சா மாசம் ஒரு லட்சமாம் தம்பி. வீட்டு நகைய வச்சுரலாம்னு இருக்கேன்."

"அதுக்கு முன்னால ரெண்டு விஷயம் கேட்டுக்கங்கண்ணே" என்றேன்.

முதல் விஷயம், கோர்ஸ் சான்றிதழ் வேறு, விமானப் பராமரிப்பு லைசென்ஸ் வேறு. நம் நாட்டில் இந்த லைசென்ஸைத் தருவது டிஜிசிஏ என்ற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பு மட்டும்தான். பயிற்சி நிறுவனத்துக்கு கார்-147 என்ற டிஜிசிஏ விதியின்படி அங்கீகாரம் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்திலேயே இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து என் போனில் தேடிப் பார்த்தோம். நோட்டீஸில் இருந்த பெயர் பட்டியலில் இல்லை. அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை.

இரண்டாவது, சம்பளம். லைசென்ஸ் இல்லாமல் டெக்னீஷியனாகச் சேரும் பையனுக்கு, நான் பார்த்தவரை, மாதம் 15,000 முதல் 25,000 ரூபாய் வரை கிடைக்கிறது. சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் மிஞ்சுவது சொற்பம். 2022 ஜூலையில் ஒரு பெரிய நிறுவனத்தின் டெக்னீஷியன்கள் சம்பளம் போதவில்லை என்று கூட்டமாக மருத்துவ விடுப்பு எடுத்தது செய்தியாகவே வந்தது. லைசென்ஸ் வாங்கி, அதற்கு மேல் ஏ320, போயிங் 737 மாதிரி குறிப்பிட்ட ஒரு விமானத்துக்கு டைப் ரேட்டிங்கும் வாங்கி, 'இந்த விமானம் பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்த பிறகுதான் அந்த ஒரு லட்சம். எனக்கு அதற்கு ஆறு வருஷம் ஆனது. நோட்டீஸ் சொல்லும் ஒரு லட்சம் பொய் இல்லை, ஆனால் நடுவில் இருக்கும் இந்த ஆறு வருஷம் அதில் இல்லை.

சரி, வழி எப்படி? பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். இன்ஜின், உடற்பகுதி வேலை பிடித்தவர்கள் பி1 என்ற லைசென்ஸ் பிரிவை எடுக்கலாம், மின்னணுக் கருவிகள் பிடித்தவர்கள் பி2. அங்கீகாரம் பெற்ற முழு கோர்ஸ் முடித்தாலும், லைசென்ஸ் வாங்க, பயன்பாட்டில் இருக்கும் விமானத்தில் வேலை பார்த்த இரண்டு வருஷ அனுபவம் காட்ட வேண்டும். அந்த அனுபவத்துக்கு எந்த நிறுவனம் இடம் தரும், எழுத்தில் தருவீர்களா என்று சேரும் முன்னாலேயே கேளுங்கள். மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். லைசென்ஸ் தேர்வில் ஒவ்வொரு மாட்யூலிலும் (பாடப் பகுதியிலும்) 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். கையில் வந்த லைசென்ஸையும் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். விமான மேனுவல்கள் எழுதப்படுவது மிக எளிமையாக்கப்பட்ட ஓர் ஆங்கிலத்தில். அதன் அகராதியில் பொதுச் சொற்கள் சுமார் 900தான், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். நானும் தமிழ் மீடியம்தான். ஆறு மாதத்தில் பழகிவிட்டது.

அக்னிவீர் வழியாகப் படையில் சேரலாமா என்றும் கேட்கிறார்கள். முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய், அதில் கைக்கு வருவது 21,000. நான்கு வருஷம் கழித்து 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். விமானப் பராமரிப்புப் பிரிவே கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கேட்பதெல்லாம் வளைகுடாவைப் பற்றித்தான். அங்கே போனால் அந்த நாட்டு விதிப்படி லைசென்ஸ் வேண்டும். இங்கே வாங்கியதை அப்படியே கொண்டுபோய்க் கையெழுத்துப் போட முடியாது.

நம் கடற்கரைப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்று என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாம்பனில் சைக்கிள் வைத்திருப்பவருக்குக்கூட அது தெரியும். அலுமினியத்தில் இரும்பு மாதிரி சிவப்புத் துரு வராது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியைச் சுற்றி பெயின்ட் கொப்புளம் மாதிரி லேசாக எழும்பும், விரல் நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். கடல் மேல் தாழப் பறந்து வரும் விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது இதனால்தான். 1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாய்த் தீவுகளுக்கிடையே நாளெல்லாம் பறந்துகொண்டிருந்த ஒரு போயிங் 737-இன் முன்பக்கக் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். தகடுகளின் ஒட்டு விட்டுப்போய், அரிப்பு ஏறி, ரிவெட் வரிசையில் விரிசல் ஓடியிருந்தது. சோதனையில் அது யார் கண்ணிலும் படவில்லை. இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு ரிவெட் ரிவெட்டாகப் பார்க்கும்போது எனக்கு அந்த விமானம் நினைவுக்கு வராத நாளில்லை.

மறுநாள் அந்தப் பையனே வந்தான். அப்பாவின் படகு இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவன், நகக்கண்ணில் கிரீஸ். இரண்டு போல்ட்டையும் ஒரு சுருள் லாக்வயரையும் கொடுத்தேன். அதிர்வில் போல்ட் கழன்றுவிடாமல் இரண்டையும் சேர்த்து முறுக்கிக் கட்டும் மெல்லிய கம்பி அது. போல்ட் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுகும் பக்கமே இழுக்க வேண்டும். முதல் தடவை திசை மாற்றிக் கட்டினான். நான் சொல்வதற்குள் அவனே போல்ட்டைத் திருகிப் பார்த்து, கம்பியை வெட்டிவிட்டான். இரண்டாவது முறை முறுக்கு தளர்ந்திருந்தது, அதையும் வெட்டினான். மூன்றாவது சரியாக வந்தது. மீதிக் கம்பியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா அண்ணே என்று கேட்டான்.