மெரினாவில் வில், ரங்கநாதன் தெருவில் வாள்

மேற்கு மாம்பலத்தில் நண்பன் வீட்டு மொட்டை மாடி. சனிக்கிழமை வெயில் இறங்கியதும் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுவோம். ஒரு கட்டம் ஆட்டக் கணக்கில் ஐந்து அடி. புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய அவன் அம்மா போட்டால் கோடு நேராக வரும், நாங்கள் போட்டால் வராது. அதன்மேல் பொம்மைகளை நகர்த்தி, ஆளுக்கொரு வீரனாகப் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். நான்தான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவன்.

போன மாதம் ஆசைப்பட்டு வரைபடத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். திறந்த பொட்டல், மறுகோடியில் ஒரு காவல் கோபுரம், அதன் வாசலை விட்டு அசையாத காவலர்கள். வில்லாளியாக ஆடும் தோழி எய்துகொண்டே இருந்தாள். பெரிய வாள் வைத்திருந்த நண்பன் தன் முறை வரும்போதெல்லாம் சொன்னது ஒரே சொல்: "ஓடுறேன்." இரண்டாவது தடவை சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவன் போய்ச் சேர்ந்தபோது வெட்டுவதற்கு ஆள் மிச்சமில்லை.

"வில்லு ரொம்ப ஓவர்டா, டேமேஜைக் குறை" என்று அன்று இரவே குரூப்பில் புகார் வந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குற்றம் வில்லின் மேல் இல்லை, என் சாக்பீஸின் மேல்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளை எடுத்துக்கொள்வோம். அடிக்கிறவர் இருபது முகப் பகடையை உருட்டித் தன் திறமையைக் கூட்டுவார். கூட்டுத்தொகை எதிரியின் ஆர்மர் கிளாஸை எட்டினால் அடி விழும். இதைச் சுருக்கி ஏசி என்பார்கள். ஏசி 15 என்று மொட்டை மாடியில் நான் சொன்னால், மே மாதத்தில் எல்லாரும் ஏக்கத்தோடு கீழே படுக்கையறையைப் பார்ப்பார்கள்.

முதல் நிலை வில்லாளிக்குச் சுறுசுறுப்பு 3, பயிற்சி 2, வில்வித்தைப் பாணிக்கு இன்னொரு 2, ஆக மொத்தம் 7. ஏசி 15 உள்ளவனை அடிக்கப் பகடையில் 8 விழுந்தால் போதும், வாய்ப்பு 65 சதவீதம். அடி விழுந்தால் எவ்வளவு டேமேஜ் என்பதற்கு வேறு பகடை: நெடுவில்லின் எட்டு முகப் பகடைக்குச் சராசரி 4.5, அதோடு சுறுசுறுப்பின் 3 சேர்த்தால் 7.5. வாய்ப்பால் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4.9. வாள்காரனுக்கு மொத்தம் 5தான், வாய்ப்பும் 55 சதவீதம்தான். ஆனால் பெரிய வாளுக்கு இரண்டு ஆறு முகப் பகடைகள், அவன் பாணிப்படி 1, 2 விழுந்தால் மறுபடி உருட்டிக்கொள்ளலாம். சராசரி அடி 11.3, சுற்றுக்கு 6.2. (20 விழுந்தால் பகடை இரட்டிப்பு என்ற விதியை விட்டுவிட்டேன், அதைச் சேர்த்தாலும் கதை மாறாது.) ஆக, பக்கத்தில் நின்று அடித்தால் வாள்தான் பெரிது.

பக்கத்தில் போய் நிற்பதுதான் பாடு. ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஆறு நொடி. அதில் முப்பது அடி நடந்து அடிக்கலாம், அல்லது அடிக்காமல் அறுபது அடி ஓடலாம். எதிரி 150 அடியில் நின்றால் வாள்காரன் முதல் சுற்றில் அறுபது, இரண்டாவதில் அறுபது ஓடி, மூன்றாவதில்தான் வாளை ஓங்குவான். நெடுவில்லுக்கோ 150 அடி வரை எந்தத் தடையும் இல்லை. எனவே வில்லாளிக்கு இரண்டு சுற்று ஓசி. அந்த ஓசியின் மதிப்பு 9.75. சுற்றுக்கு 1.36 வீதம் வாள்காரன் இந்தக் கடனை அடைக்க ஏழு சுற்றுக்கு மேல் ஆகும். எங்கள் ஆட்டத்தில் சண்டை நான்கு சுற்றைத் தாண்டுவதே அபூர்வம். எதிரியும் இவனை நோக்கி ஓடிவந்தால் ஓசி ஒரு சுற்றாகக் குறையும். என் காவலர்கள்தான் அசையவே இல்லையே.

இந்த ஓசிச் சுற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதே சண்டையை மெரினா மணலில் வைத்துப் பாருங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலையை நோக்கி நடந்தவர்களுக்கு அந்த மணல் காலை எப்படி இழுக்கும் என்று தெரியும். விதிப்புத்தகமும் இதை ஒப்புக்கொள்கிறது: கடினமான தரையில் ஓர் அடி நகர இரண்டு அடி செலவு. 150 அடியைக் கடக்கவே ஐந்து சுற்று போய்விடும், வெட்டு ஆறாவதில்தான். அதற்குள் வில்லாளி 24 புள்ளி அடித்திருப்பாள். முதல் நிலை வீரனுக்கு உயிரே பத்துப் பன்னிரண்டு புள்ளிதான்.

இப்போது தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ரங்கநாதன் தெரு. மாம்பலம் ஸ்டேஷன் படியிறங்கிய உடனேயே எதிரி எதிரில் நிற்கிறான். ஓசிச் சுற்று பூஜ்யம். நடுவில் கட்டைப்பை தூக்கிய கூட்டம் அரை மறைப்பு, அதனால் எதிரியின் ஏசியில் 2 கூடும். வில்லாளியின் வாய்ப்பு 55 சதவீதமாக, சராசரி 4.1ஆக இறங்கும். இதைவிடப் பெரிய அடி இன்னொன்று: எதிரி ஐந்து அடிக்குள் இருந்தால் எய்கிறவர் பகடையை இரண்டு முறை உருட்டிச் சின்னதைத்தான் எடுக்க வேண்டும். 0.55ஐ 0.55ஆல் பெருக்கினால் முப்பது சதவீதம், சராசரி வெறும் 2.3. சரி, பின்வாங்கலாமே என்றால், விலகும்போது எதிரிக்கு ஓர் ஓசி வெட்டு. இங்கே ஓசி கட்சி மாறிவிடுகிறது.

ஆக, வில்லும் வாளும் சமமா என்ற கேள்விக்கு இடத்தைச் சொல்லாமல் பதில் கிடையாது. பழைய ஆட்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட இந்த ஆட்டம், பொம்மைப் படைகளை மேஜையில் நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அதனால் தூரத்தை அங்குலத்தில் சொன்னார்கள். வெளியில் ஓர் அங்குலம் பத்து கஜம், சுரங்கத்துக்குள் போனால் அதே அங்குலம் பத்தே அடி. கூரைக்குக் கீழே வில்லின் எட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிடும்! பிறகு வந்த ஒரு பதிப்பில், கைகலப்புக்குள் அம்பு விட்டால் அது யார்மேல் பாயும் என்பதையே பகடைதான் சொல்லும். நண்பன் முதுகில் குத்தினாலும் குத்தும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதை மென்மையாக்கி, 4 கழித்துக்கொள் என்றது.

2014 பதிப்பு சறுக்கிய இடம் ஒரு சிறப்புத் திறன். ஷார்ப்ஷூட்டர் என்று பெயர். குறியில் 5ஐக் கழித்துக்கொண்டால் அடியில் 10 கூட்டலாம். பெரிய வாள்காரர்களுக்கும் இதே பேரம் உண்டு. பார்வைக்குச் சரிசமம். ஆனால் வில்லாளிக்குப் பாணியால் கிடைத்த அந்த 2 இங்கே வேலையைக் காட்டுகிறது. அவள் வாய்ப்பு 40 சதவீதம், அடி 17.5, சராசரி 7.0. வாள்காரன் வாய்ப்பு 30 சதவீதம், அடி 21.3, சராசரி 6.4. அவள் 4.9லிருந்து 7க்குத் தாவுகிறாள், அவன் 6.2லிருந்து நகரவே இல்லை என்று சொல்லலாம். கொன்றால் கிடைக்கும் கூடுதல் வெட்டு அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல். போதாக்குறைக்கு ஷார்ப்ஷூட்டர் மறைப்பையும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, ரங்கநாதன் தெருக் கூட்டம் கரைந்துவிடும். 2024 திருத்தத்தில் அந்த 10ஐ எடுத்துவிட்டார்கள், நல்லது. ஆனால் அந்தத் திறன் உள்ளவர்களுக்கு, ஐந்து அடிக்குள் எய்தால் வரும் தண்டனையையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். எண்ணைத் திருத்தி இடத்தைக் கெடுத்த வேலை இது என்பது என் கட்சி. இதைக் குரூப்பில் சொன்னால் விதியைப் பத்தி பத்தியாக எடுத்துப்போட்டு மறுப்பார்கள். வில்லேருழவரோடு பகைத்தாலும் சொல்லேருழவரோடு பகைக்காதே என்று வள்ளுவர் சும்மாவா சொன்னார்.

நிஜ வில்லுக்கும் ஆட்ட வில்லுக்கும் உள்ள தூரம் வேறு கதை. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலிலிருந்து எடுத்த நெடுவில்களை இழுக்க 45 முதல் 80 கிலோ வரை விசை வேண்டியிருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இரண்டு, மூன்று இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஒரு கையால் திரும்பத் திரும்ப இழுப்பது போல. ஆட்டத்திலோ வில்லுக்குத் தேவை பலமல்ல, சுறுசுறுப்பு. அதே சுறுசுறுப்பு கவசத்துக்கும் உதவும், முந்திக்கொள்வதற்கும் உதவும், ஒளிந்து நகர்வதற்கும் உதவும். பலம் வாள்காரனுக்கு இத்தனை கொடுப்பதில்லை. புறநானூற்றில் வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாம் துளைத்துக் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. கொல்லிமலைத் தலைவரே வந்து கேட்டாலும் என் மாடியில் ஒரு அம்புக்கு ஒரு எதிரிதான்.

அதனால் வில்லின் டேமேஜை நான் தொடவில்லை. அடுத்த சனிக்கிழமை சாக்பீஸை எடுத்து ஒரு பழைய கிடங்கை வரைந்தேன். குறுகலான நடை, திருப்பத்துக்குத் திருப்பம் மூட்டைகள், எதிரிகள் இருக்கும் கதவு பதினைந்து அடியில். வாள்காரன் முறுக்கு டப்பாவைத் தொடவே இல்லை.

தோழி கட்டங்களைக் கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சரி, கூரை எவ்வளவு உயரம்?" என்றாள்.

நான் அதை யோசித்திருக்கவில்லை. "நாற்பது அடி" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மூட்டை மேல மூட்டை அடுக்கியிருக்கா?"