வீட்டுறுதி இல்லாவிட்டாலும் உங்கள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்

"மிஸ், வீடு எங்கட சொந்தமில்லையே. நாங்க போம் நிரப்பலாமா?"

டித்வா சூறாவளிக்குப் பிறகு கொழும்பை அண்டிய வெல்லம்பிட்டி, செதவத்தை, கொலன்னாவைப் பக்கம் சட்ட உதவி கொடுக்கப் போகும்போதெல்லாம், வெள்ள நட்டஈட்டுக்கான போமைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கேட்கும்போதே பதில் "இல்லை" என்றுதான் வரும் என்று முடிவுசெய்துவிட்ட முகத்தோடு நிற்பார்கள். வீட்டு உறுதி கையில் இருப்பவனுக்குத்தான் அரசாங்கம் கொடுக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சில இடங்களில் வீட்டுக்காரரே அப்படிச் சொல்லியிருப்பார்.

நிரப்பலாம். நிரப்பவேண்டும். வாடகைக்கு இருப்பவரும் அனர்த்தத்தால் பாதிக்கப்பட்டவர்தான். இந்த ஒரு விடயத்தை மனதில் பதிய வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். பதியாமல் விட்ட குடும்பங்கள் எழும்பி நிற்க எத்தனை காலம் எடுக்கிறது என்பதைத் தொழிலில் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா இலங்கையைத் தாக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. மலைநாட்டில் மண்சரிவுகள், கொழும்பில் களனி கங்கை. ஸ்ரீபாத மலைப் பக்கத்தில் ஊற்றெடுத்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு இது. நோர்வூட்டிலும் கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் கொட்டும் மழை உடனே நம் வாசலுக்கு வருவதில்லை. கொழும்பில் மழை விட்டு வெயிலடிக்கும் வேளையில் வெள்ளம் ஏறும். நாகலகம் வீதியிலுள்ள நீர்மானியில் 5 அடி என்றால் சிறுவெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். டித்வாவின்போது அந்த 7 அடிக்கோடு தாண்டப்பட்டது. 2016 மே மாதத்திலும் மூழ்கியவை இதே பகுதிகள்தான். ஆகவே இது ஒருமுறை வந்து போன கதையல்ல. இங்கே வாடகை ஓரளவு குறைவாக இருப்பதற்கும் தண்ணீர் ஏறும் இடம் என்பது ஒரு காரணம். வாடகை குறைவாக இருப்பதால்தான் நம் சனம் இங்கே வருகிறது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் வருவது சேற்றைக் கழுவும் அவசரம். பிள்ளைகள் படுக்க இடம் வேண்டும், அடுப்பு எரியவேண்டும். புரிகிறது. ஆனால் தண்ணீரைத் திறப்பதற்கு முன் கைத்தொலைபேசியை எடுங்கள். ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று ஒரு படம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி, பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்து ஒரு படம். குளிர்சாதனப் பெட்டி, தையல் மெசின், மெத்தை, அலுமாரி, பிள்ளையின் புத்தகப் பை, இடியப்பத் தட்டுகள் என்று ஊறிப்போன பொருட்கள் தனித்தனியாக. தூக்கி வீதியில் போட்ட பிறகு எடுக்கும் படத்தில் அந்த மெத்தை உங்களுடையதா பக்கத்து வீட்டுடையதா என்று யாருக்கும் தெரியாது. எடுத்த படங்களை அன்றே ஊரிலுள்ள ஒரு உறவினருக்கு வட்சப்பில் அனுப்பிவிடுங்கள். தொலைபேசி கெட்டாலும் படம் இருக்கும்.

அடுத்தது பட்டியல். பாதிப்பு விபரங்களை முதலில் எடுப்பவர் கிராம உத்தியோகத்தர், நாம் ஜி.எஸ். என்று சொல்பவர். அவர் எடுக்கும் விபரம் பிரதேச செயலகத்துக்குப் போகிறது. கொடுப்பனவுகள் அங்கிருந்து வருகின்றன. ஜி.எஸ்.ஸின் தாளில் உங்கள் குடும்பம் இல்லையென்றால், மேலே யாருக்கும் உங்கள் குடும்பம் இல்லை. அவர் வரும் நேரத்தில் நீங்கள் முகாமிலோ, வேலையிலோ, மட்டக்குளியில் அக்கா வீட்டிலோ இருக்கலாம். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அவர் அடுத்த வாசலுக்குப் போவார். அவருடைய பிரிவில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். அவர் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருக்கக்கூடும். ஆகவே அவர் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போய்ப் பெயரைக் கொடுங்கள். கொடுத்த திகதியை எழுதி வையுங்கள். கடிதமாகக் கொடுத்தால் பிரதியில் ஒரு கையொப்பம் வாங்குங்கள்.

வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையில் சண்டை வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். இழப்பு இரண்டு வகை. சுவர், கூரை, கதவு, நிலம் ஆகியவை வீட்டுக்காரருடையவை. கட்டடத்துக்கான நட்டஈட்டை அவர்தான் கேட்க வேண்டும். உள்ளே இருந்த தளபாடம், சமையல் பொருட்கள், தொழில் கருவிகள், பிள்ளைகளின் பாடசாலைப் பொருட்கள் எல்லாம் உங்களுடையவை. சேற்றை அள்ளியதும் நீங்கள்தான். டித்வாவுக்குப் பின் வீடுகளைச் சுத்தம்செய்ய 25,000 ரூபா கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தபோது, வேறு ஊரில் வசிக்கும் உரிமையாளரின் பெயர் பட்டியலில் ஏறி, சேற்றுக்குள் நின்ற குடும்பத்தின் பெயர் விடுபட்ட சம்பவங்கள் என்னிடம் வந்தன. ஒரே வீட்டின் மேல்மாடியில் ஒரு குடும்பமும் கீழே ஒரு குடும்பமும் இருந்து, இரண்டும் ஒன்றாக எழுதப்பட்ட சம்பவமும் உண்டு. அடுப்பு வேறு, வாடகை வேறு, வாசல் வேறு என்றால் அது வேறு குடும்பம். அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

"அங்கே குடியிருந்தேன் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். வாடகை உடன்படிக்கை எழுதியிருக்க மாட்டீர்கள். எழுதியிருந்தால் அதுவும் தண்ணீரோடு போயிருக்கும். இதனாலேயே பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஆனால் ஆதாரம் அந்த இரண்டு பில்லோடு முடிவதில்லை. பிள்ளை படிக்கும் பாடசாலையில் உங்கள் முகவரி இருக்கிறது. அதிபரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். குழந்தையின் கிளினிக் புத்தகத்தில் முகவரி இருக்கிறது. வங்கிக் கூற்று, வேலைத்தளக் கடிதம், தவணைக்கு வாங்கிய பொருளின் பற்றுச்சீட்டு, வீட்டுக்காரருக்கு வாடகை அனுப்பிய வங்கிப் பதிவு எல்லாம் பயன்படும். ஒன்றுமே இல்லையென்றால் பக்கத்து வீட்டார் இருவர் சமாதான நீதவான் முன் சத்தியக் கூற்றுக் கொடுக்கலாம். வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால் வேலை இலகு. இல்லாவிட்டாலும் நீங்கள் இல்லாதவர் ஆகிவிடவில்லை.

வாக்காளர் இடாப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர்கள் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவர்கள். கடைகளிலும் ஹோட்டல்களிலும் கட்டட வேலையிலும் வீட்டுவேலையிலும் இருப்பவர்கள். ஹற்றன், நுவரெலியா, பதுளைப் பக்கத் தோட்டத்து முகவரியில் அடையாள அட்டை. இங்கே ஒரு அறை வாடகைக்கு. டித்வா இவர்களை இரண்டு பக்கமும் அடித்தது. இங்கே அறை மூழ்கியது, அங்கே லயத்துக்கு மேலே மண் சரிந்தது. தோட்டத்து ஜி.எஸ். "நீ கொழும்பில்தானே" என்கிறார்; கொழும்பு ஜி.எஸ். "உன் பதிவு தோட்டத்தில்தானே" என்கிறார். ஒரு தம்பி என் முன்னால் இரண்டு ஊரின் கடிதங்களையும் மேசையில் வைத்துவிட்டு, "மிஸ், நான் எந்த ஊர் ஆள்?" என்று கேட்டான். சட்டத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. பொருள் எங்கே அழிந்ததோ அந்தப் பிரிவில் அந்த இழப்பைப் பதியுங்கள். அம்மா அப்பாவின் வீடு எங்கே சேதமானதோ அதை அவர்கள் அங்கே பதியட்டும். இரண்டு இடத்தில் ஒரே இழப்பை எழுதுவதுதான் தவறு. இரண்டு இடத்தில் இரண்டு இழப்பு என்றால் அது உண்மை. பயப்படத் தேவையில்லை. தோட்டத்தில் பதியாத பிள்ளைகள் இங்கே வாக்காளராகப் பதிவதைப் பற்றியும் யோசியுங்கள். அடுத்த வெள்ளத்துக்கு முன் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைப் பற்றி இன்னொன்று. விட்டுப் பிரிந்துபோன கணவனின் பெயரையே குடும்பத் தலைவராக எழுதி, அவருடைய வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். "எழுதக் கேட்டாங்க, எழுதினேன்" என்பார்கள். காசு அவருக்குப் போய்விட்டால் திரும்ப எடுப்பது மிகக் கஷ்டம். பிள்ளைகளோடு அந்த வீட்டில் இருப்பவர் நீங்கள் என்றால் உங்கள் பெயரும் உங்கள் கணக்கும் போகவேண்டும். கணக்கு இல்லையென்றால் இப்போதே ஒன்று திறவுங்கள்.

போம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் வாசிக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். "பகுதி சேதம்" என்று எழுதப்பட்டதற்கு "முழுச் சேதம்" என்று நினைத்துக் கையெழுத்திட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பின் தமிழும் அரசகரும மொழி. நிர்வாக மொழி சிங்களமாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. இதை யாரோடும் சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. மேல்முறையீட்டையும் கோரிக்கைக் கடிதத்தையும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் எழுதுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். தெரியாத மொழியில் யாரோ எழுதிக்கொடுக்கும் கடிதத்தில் உங்கள் இழப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

ஆவணங்கள் போய்விட்டன என்று அழாதீர்கள், பெரும்பாலானவற்றை மீண்டும் எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பதிவு கணினியில் ஏறியிருந்தால் பிறந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை. அடையாள அட்டைக்குப் பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி வாங்கிக்கொண்டு ஜி.எஸ். ஊடாக விண்ணப்பியுங்கள். சொந்த வீடு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: உறுதித் தாள் நனைந்து கிழிந்ததால் காணி போய்விடாது. நொத்தாரிசு எழுதிப் பதிந்த உறுதியின் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். உறுதிப்படுத்திய பிரதியை அங்கே கேட்டுப் பெறலாம். "உறுதி இல்லாத காணி" என்று பயமுறுத்தி மலிவு விலை பேச வருபவர்களிடம் எதிலும் கையொப்பமிடாதீர்கள்.

உடல்நலத்தைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரத்தைத் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே போடுங்கள். கிணற்றை இறைத்துக் குளோரின் போடாமல் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சேற்றில் வெறுங்காலோடு நின்றவருக்குக் காய்ச்சலும் உடம்பு நோவும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இப்போது வாடகை வீட்டின் பெரிய பிரச்சினைக்கு வருகிறேன். வெள்ளத்துக்குப் பின் சில வீட்டுக்காரர்கள் "திருத்த வேலை இருக்கு, காலி பண்ணுங்க" என்கிறார்கள். திருத்திய பிறகு வாடகையைக் கூட்டி வேறு ஆளுக்குக் கொடுக்கிறார்கள். அட்வான்ஸ் காசையும் "சுவரைப் பழுதாக்கிட்டீங்க" என்று பிடித்துக்கொள்கிறார்கள். வெள்ளம் பழுதாக்கிய சுவருக்கு நீங்கள் பொறுப்பல்ல. முகாமில் இருந்து திரும்பி வரும்போது வாசலில் புதுப் பூட்டுத் தொங்கினால், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வெளியே தள்ள அவருக்கு அதிகாரமில்லை. உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆவது பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போனால், வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே அமர்த்தும் கட்டளையைப் பெற வழி உண்டு. ஆனால் வெளியேற்றப்பட்டது வழக்குத் தகவல் பதியப்படுவதற்கு முந்திய 2 மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும். "சண்டை வேணாம், பார்ப்போம்" என்று உறவினர் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வருபவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடுகிறது.

வீட்டுக்காரர்களையும் குறைசொல்லி முடிக்க முடியாது. ஓய்வூதியத்தோடு அந்த வாடகையையும் நம்பி வாழும் வயதானவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்து, வாடகைக்காரப் பிள்ளைகளுக்குத் தங்கள் மேல்மாடியில் பாய் விரித்துக்கொடுத்த ஒரு அம்மாவையும் கொலன்னாவையில் எனக்குத் தெரியும். இரு தரப்பும் ஒன்றாக ஜி.எஸ்.ஸிடம் போய், கட்டடம் இவருடையது, பொருள் இவர்களுடையது என்று சொன்ன இடங்களில் இரண்டு கோரிக்கையும் சிக்கலில்லாமல் போனது.

பெயர் கொடுத்தும் பட்டியலில் இல்லை, அல்லது நிராகரித்துவிட்டார்கள் என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தச் செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கோரிக்கை கொடுங்கள்: என் குடும்பத்தைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, நிராகரித்ததற்கான காரணம், எந்தச் சுற்றறிக்கையின்படி என்ற விபரம். இந்த மூன்றும் போதும். தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்று பின்வாங்காதீர்கள். புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவதே அதன் வேலை. போகும்போது அடையாள அட்டை, ஜி.எஸ்.ஸுக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி, வெள்ளத்தின்போது எடுத்த படங்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.