மூளைப் புரதத்தை ஏன் மாத்திரையாக்க முடியவில்லை?

“மூளையே சுரக்கும் ஒரு புரதம் மனச்சோர்வையும் மறதி நோயையும் தணிக்கும் என்கிறார்களே, அதையே மாத்திரையாகச் செய்து கொடுத்துவிடலாமே?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதே கேள்வியில் மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறது.

அந்தப் புரதத்தின் பெயர் பி.டி.என்.எஃப். நரம்புச் செல்களை வளர்க்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை என்.ஜி.எஃப். முசோலினியின் இனச் சட்டங்களால் வேலையை இழந்து, டூரின் நகரத்து வீட்டின் படுக்கையறையிலேயே கோழிக்கருக்களை ஆராய்ந்த ரீட்டா லெவி-மொன்டால்சினி பின்னாளில் அமெரிக்காவில் கண்டறிந்தது அது. அதற்காக 1986இல் ஸ்டான்லி கோஹனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பி.டி.என்.எஃப் வெளிச்சத்துக்கு வந்தது 1982இல். ஜெர்மனியில் பார்டே, தோனன் என்ற விஞ்ஞானிகள் ஒன்றரைக் கிலோ பன்றி மூளையை அரைத்து, வடித்து, ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். “இதனால் என்ன பயன்?” என்று கேட்டு அன்றே நிதியை நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. உடனடிப் பலனைக் காட்டச் சொல்லி அடிப்படை ஆராய்ச்சியின் கழுத்தை நெரிப்பவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

நியூரான்கள் எனும் நரம்புச் செல்கள் சாகாமல் காப்பது, கிளை விடச் செய்வது, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புகளான சினாப்ஸ்களில் அடிக்கடி பயன்படுபவற்றை உறுதியாக்குவது ஆகியவை பி.டி.என்.எஃப்பின் வேலைகள். மறதி நோயான அல்சைமர் வந்தவர்களின் ஹிப்போகாம்பஸில், அதாவது நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதியில், இது குறைந்திருக்கிறது.

குறைந்ததை நிரப்பிவிட்டால் ஆயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் விழுங்கினால் வயிறு செரித்துவிடும். ஊசியில் ஏற்றினால் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அப்படியே எஞ்சினாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு உள்ளே விடாது. 1990களில், தசைகளை இயக்கும் நரம்புகள் மடியும் ஏ.எல்.எஸ் நோயாளிகள் ஆயிரம் பேருக்கு மேல் தோலடி ஊசியாகச் செலுத்திப் பார்த்தார்கள், பலனில்லை. ஸ்வீடனில் மூன்று அல்சைமர் நோயாளிகளின் மூளை அறைக்குள்ளேயே என்.ஜி.எஃப்பைச் செலுத்தியபோது முதுகுவலியும் எடைக்குறைவும்தான் மிஞ்சின. இந்தப் புரதங்கள் தேவையான சினாப்ஸில், தேவையான கணத்தில், துளியளவு சுரக்க வேண்டியவை. மொத்தமாகக் கொட்டினால் வேண்டாத நரம்புகளும் விழித்துக்கொள்ளும்.

அப்படியானால் புரதத்தைக் கூட்டாமல், அது சொல்வதைக் கேட்கும் பக்கத்தைச் சரிசெய்தால் என்ன? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பி.டி.என்.எஃப்பின் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி ட்ராக்-பி. அதன் தலை செல்லுக்கு வெளியே இருக்கும், வால் உள்ளே இருக்கும். நடுவில் ஒரேயொரு சுருள் மட்டும் கொழுப்பாலான செல்சவ்வை ஊடுருவி நிற்கும். ட்ராக்-பி ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஜோடி சேரும்போது இரு சுருள்களும் சவ்வுக்குள் சாய்ந்து, ஒன்றையொன்று குறுக்கே கடந்து, பெருக்கல் குறியாக நிற்கின்றன. அந்தச் சாய்வில்தான் எல்லாம் இருக்கிறது. சினாப்ஸ் பகுதிச் சவ்வில் கொலஸ்டிரால் அதிகம், அது ஏற ஏறச் சவ்வு தடிக்கும். தடித்த சவ்வைக் கடக்கச் சாய்ந்த சுருளுக்கு நீளம் போதாது, நிமிர்ந்தாக வேண்டும். நிமிர்ந்தால் பெருக்கல் குறி குலையும், ஜோடி தளரும், ஏற்பி சினாப்ஸை விட்டு நகர்ந்துவிடும். கேட்க வேண்டிய இடத்தில் காது இல்லாமல் போகிறது!

2021இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் ஈரோ காஸ்ட்ரேன் குழு ஒன்றைக் காட்டியது. ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அந்தக் குறுக்குச் சுருள்களின் இடுக்கில் போய் ஆப்புபோல உட்கார்ந்துகொள்கின்றன. சாய்வு குலைவதில்லை, ஏற்பியும் சினாப்ஸிலேயே தங்குகிறது. இதைச் சோதிக்க, ட்ராக்-பியின் 433ஆம் இடத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஃபீனைல்அலனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் இருக்கும்படி எலிகளை உருவாக்கினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. அந்த எலிகளிடம் மருந்து பலிக்கவில்லை. இவ்வளவு பெரிய மூளையில் ஓர் அணு!

செரோட்டோனின் என்னும் மூளை ரசாயனத்தைக் கூட்டித்தான் இம்மருந்துகள் வேலை செய்கின்றன என்ற பழைய கதையை இது முழுதாக ஒதுக்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆய்வாளர்களிடையே வாதம் தொடர்கிறது. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் ஒரு தெளிவு முக்கியமானது. மருந்து காதைத் திறந்து வைக்கிறது, சேதியை அனுபவம்தான் தருகிறது. 2008இல் இத்தாலியில், வளர்ந்த எலிகளின் சோம்பேறிக் கண் (மூளை பயன்படுத்தாமல் விட்டதால் பார்வை மங்கிய கண்) ஃப்ளூவாக்ஸெட்டின் கொடுத்த பிறகு தேறியது. ஆனால் நல்ல கண்ணை மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கியபோதுதான் அது நடந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரையோடு உளவியல் ஆலோசனையும் வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதில் எவ்வளவு பொருள் இருக்கிறது பாருங்கள். மனச்சோர்வை மனத்திடமின்மை என்றும் பேய்பிடித்தது என்றும் சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள் செய்வது கொடுமை. ‘பி.டி.என்.எஃப் பெருக்கும்’ என்று பொடி விற்பவர்களையும் நம்பாதீர்கள். அதைவிட நடைப்பயிற்சிக்கு ஆதாரம் அதிகம்: 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு நடந்த முதியவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது.

அல்சைமரில் நிலைமை வேறு. அங்கே நியூரான்களே மடிந்துகொண்டிருப்பதால் காதைத் திறந்தால் மட்டும் போதாது, புரதத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதனால் புரதத்துக்குப் பதில் அதன் மரபணுவையே தீங்கற்ற வைரஸில் ஏற்றி மூளைக்குள் செலுத்துகிறார்கள். என்.ஜி.எஃப் மரபணுவை அப்படிச் செலுத்திய சோதனை பலன் தரவில்லை. இறந்த நோயாளிகளின் மூளையைப் பிறகு ஆராய்ந்தபோது, புரதம் சேர வேண்டிய நியூரான்களை எட்டவே இல்லை என்பது தெரிந்தது. இப்போது சான் டியாகோவில் பி.டி.என்.எஃப் மரபணுவை வைத்து நடக்கும் சோதனையில், எம்.ஆர்.ஐ படத்தைப் பார்த்துக்கொண்டே, மறதி நோய் முதலில் தாக்கும் பகுதிக்குள் ஊசியைச் செலுத்துகிறார்கள். மருந்து போய்ச் சேர்ந்ததா என்பது அப்போதே திரையில் தெரிந்துவிடும்.