'கவுண்டி எக்ஸ்டென்ஷன்': தமிழில் என்ன சொல்வது?

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு) அலுவலகம் பக்கம் போவதென்றால் பெரும்பாலும் சொத்து வரிக்காகத்தான். அங்கேயோ பக்கத்திலேயோ 'எக்ஸ்டென்ஷன்' என்று ஒரு பலகை இருக்கும், கட்டடத்தைப் பின்னால் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள் போல என்று நானே இரண்டு வருடம் அதைக் கடந்து போயிருக்கிறேன். நம் ஊரில் எக்ஸ்டென்ஷன் என்றால் நகருக்கு வெளியே புதிதாக மனை போட்ட இடம், இல்லையென்றால் தொலைபேசியில் கடைசியாக அழுத்துகிற எண். குழப்பம் வரத்தானே செய்யும். உண்மையில் அது, பல்கலைக்கழகத்தின் அறிவை ஊர் மக்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் அலுவலகம்.

சொல்லின் வேர் லத்தீன். 'டெண்டெரே' என்றால் இழுத்து நீட்டுவது, 'எக்ஸ்' என்றால் வெளியே. இங்கே வெளியே நீண்டது பல்கலைக்கழகம். 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முயற்சியால், நாட்டிங்காம், டார்பி, லெஸ்டர் ஆகிய ஊர்களுக்கு ஆசிரியர்களை அனுப்பி, கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்குப் பாடம் நடத்தியது. அதற்கு வைத்த பெயர்தான் எக்ஸ்டென்ஷன்.

அமெரிக்காவில் இந்தச் சொல் வயலில் இறங்கியது. 1906இல் அலபாமாவின் டஸ்கிகீ கல்வி நிலையத்திலிருந்து, அங்கே இருந்த வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த ஒரு வண்டி, கலப்பையும் விதையும் பால் கடையும் கருவியும் ஏற்றிக்கொண்டு கறுப்பின உழவர்களின் நிலத்துக்கே போனது. எக்ஸ்டென்ஷன் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்ததும் இது நாடு முழுக்க முறையான ஏற்பாடாகிவிட்டது: ஒன்றிய அரசு, மாநிலப் பல்கலைக்கழகம், கவுண்டி மூன்றும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும். 'கோஆப்பரேட்டிவ் எக்ஸ்டென்ஷன்' என்று முழுப் பெயரில் வரும் 'கோஆப்பரேட்டிவ்' என்ற அடைமொழி அதற்காகத்தான். இதைக் 'கூட்டுறவு விரிவாக்கம்' என்று மொழிபெயர்த்தால் நமக்குக் கூட்டுறவுச் சங்கமும் நகைக்கடனும்தான் நினைவுக்கு வரும், அதனால் அது சரியில்லை. 'கூட்டு' போதும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? என் கறிவேப்பிலைச் செடி மஞ்சளாகி நின்றபோதுதான் நான் முதன்முதலில் உள்ளே போனேன். ஒரு பையும் படிவமும் கொடுத்தார்கள். தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆறு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து (துத்தநாகம் பூசிய இரும்பு வாளி கூடாது, அந்தத் துத்தநாகம் மண்ணோடு சேர்ந்து முடிவைக் கெடுத்துவிடும்), அதிலிருந்து ஒரு பிடி அனுப்பினால் பல்கலைக்கழக ஆய்வகம் குறைந்த கட்டணத்தில் சோதித்துச் சொல்லும். மண்ணில் காரத்தன்மை அதிகம், இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை என்று பதில் வந்தது. இது தவிர ஊறுகாய், பழக்கூழ் கெடாமல் அடைத்து வைக்கும் வகுப்பு, சத்துணவு வகுப்பு, பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்கும் '4-எச்' என்ற மன்றம், வீட்டுத் தோட்டக்காரர்களுக்குத் தன்னார்வப் பயிற்சி எல்லாம் உண்டு. வயல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

இப்போது தமிழ்ச் சொல். 'நீட்டிப்பு' பணிக்காலத்துக்கும் கெடுவுக்கும் போய்விட்டது. 'விரிவாக்கம்' வேளாண் துறையில் நெடுநாளாகப் புழங்குகிறது, வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் என்றால் நம் உழவர்களுக்குத் தெரியும். ஆனால் தனியாகச் சொன்னால் சாலை விரிவாக்கம்தான் கண்ணில் வருகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 'விரிவாக்கக் கல்வி இயக்ககம்' என்கிறார்கள் பாருங்கள், அந்தக் 'கல்வி' சேர்ந்ததும் பொருள் தெளிந்துவிடுகிறது. ஆகவே 'கவுண்டி விரிவாக்கக் கல்வி அலுவலகம்' என்பேன். கவுண்டியை மாவட்டம் என்று மாற்றத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான கவுண்டிகளை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த குழு, நம் மாவட்டத்துக்குத் தலைவர் அரசு அமர்த்தும் ஆட்சியர்.

அப்புறம் அங்கே வேலை பார்ப்பவரைக் 'கவுண்டி ஏஜென்ட்' என்பார்கள். ஏஜென்ட் என்றதும் நமக்குக் காப்பீடு விற்பவர் ஞாபகம்தான் வரும். இலங்கையில் இதே வேலையைச் செய்பவருக்கு 'விவசாயப் போதனாசிரியர்' என்று பெயர்.