கோதடி தைக்கிறவர்களே, வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள்

தாராவி, செம்பூர், முலுண்ட் என்று மும்பையில் தமிழர்கள் வாழும் எந்தப் பகுதியானாலும், தையல் மிஷின் சத்தம் கேட்காத தெரு கிடையாது. பிளவுஸ், ஃபால்ஸ், துணிப்பை என்று ஆளுக்கொரு வேலை. அதில் கோதடி தைக்கிற பெண்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பழைய புடவை, வேட்டிகளை நாலைந்து அடுக்காக விரித்து, ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்கும் மகாராஷ்டிரத்துக் கைவேலை அது. பக்கத்து வீட்டு மராட்டிக்காரப் பெண்களிடம் பார்த்துப் பழகி, இன்று நம் பெண்களும் அழகாகச் செய்கிறார்கள். பேரக்குழந்தைக்கு ஒன்று, மகள் பிரசவத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து ஆர்டர் எடுத்துத் தைக்கிற அளவுக்கு வளர்ந்தவர்களும் உண்டு.

நான் பிசியோதெரபிஸ்ட். கை மரத்துப்போகிறது, கழுத்து திருப்ப முடியவில்லை என்று வருகிறவர்களிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல, வீட்லதான் இருக்கேன்" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், காலை வேலை முடிந்து பதினோரு மணிக்கு ஊசியைக் கையில் எடுத்தால் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்வரை வைப்பதில்லை, ராத்திரி சீரியல் பார்க்கும்போதும் மடியில் துணி இருக்கும் என்பது தெரியவரும். ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேரம் விரலால் செய்கிற உழைப்பை அவர்களே வேலை என்று எண்ணுவதில்லை. அதனால் அதில் வருகிற வலியையும் சொல்வதில்லை, வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா வந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "ராத்திரி ரெண்டு மணிக்கு கை மரத்துப்போயி முழிப்பு வந்துரும் டாக்டர். எந்திரிச்சு உதறினா சரியாப் போயிரும்" என்றார். கையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் சதைப்பற்றான மேடு ஒன்று இருக்குமே, வலது கையில் அது வற்றிப் பள்ளமாகியிருந்தது. எவ்வளவு நாளாக என்றால், இரண்டு வருடம் இருக்கும் என்றார். ஏன்க்கா முன்னாடியே வரவில்லை? "தைக்கக் கூடாதுன்னு சொல்லிருவீங்களோன்னு பயம்."

எத்தனையோ பேரை இந்தப் பயம்தான் வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: சீக்கிரம் வந்தால், பெரும்பாலானவர்களை நாங்கள் தைக்க வேண்டாம் என்று சொல்வதில்லை. எப்படி உட்காருவது, எப்போது கையை விடுவது, எதை மாற்றுவது என்றுதான் சொல்வோம். தாமதம்தான் தையலை நிறுத்தும்.

அந்த அக்காவுக்கு இருந்தது கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவே குறுகலான பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. அங்கே வீக்கம் வந்தால் முதலில் நசுங்குவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரக்கும். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அதனால் அது தப்பிவிடும். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக்கிடப்பதால்தான் இரவில் அதிகம் தெரிகிறது. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

ஆரம்பத்திலேயே வந்தால், மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்டை இரவில் சில வாரங்கள் கட்டிக்கொண்டு தூங்குவதிலேயே பலருக்குக் குறைகிறது. தைக்கும்போதும் கட்டிக்கொள்வது வேண்டாம். மணிக்கட்டு அசையாவிட்டால் விரலும் தோளும் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். குறையாவிட்டால் ஊசி மருந்து இருக்கிறது, அதற்கும் அடங்காவிட்டால் அந்த நாரைப் பிளந்து விடும் சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒரு தடவை வற்றிப்போன சதை முழுசாகத் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மரப்போடு கழுத்து வலியும் இருந்தால் கோளாறு கழுத்திலும் இருக்கலாம். அதனால் பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று பட்டை வாங்கி மாட்டிக்கொள்ளாமல் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

அடுத்து கட்டைவிரல். ஐந்து அடுக்குத் துணிக்குள் போன ஊசியை வெளியே இழுப்பதுதான் கோதடித் தையலில் கடினமான காரியம். இரண்டு விரல் நுனியால் கிள்ளிப் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டி இழுப்பார்கள். ஒரு பிற்பகலில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் வலித்து, தோசைக்கல்லைத் தூக்கும்போது சுரீர் என்றால், பெரும்பாலும் அது டி குவெர்வேன் என்னும் தசைநாண் உறை அழற்சி. 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது.

இதற்கு என் நோயாளி ஒருவரே எனக்குக் காட்டிய வழி இருக்கிறது. பழைய ரப்பர் கையுறையின் விரல் பகுதியை வெட்டி ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள்வது. பிள்ளைகள் ஊதி விளையாடும் பலூனில் ஒரு துண்டு இருந்தாலும் போதும். ரப்பர் ஊசியைக் கவ்விக்கொள்வதால் கிள்ளும் அழுத்தம் பாதியாகக் குறைந்தமாதிரி இருக்கிறது என்றார். அன்றிலிருந்து வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். ஊசியைத் தள்ள நடுவிரலில் அங்குஷ்தான் என்னும் விரல் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் இடைஞ்சலாக இருக்கும், அப்புறம் அது இல்லாமல் தைக்கப் பிடிக்காது. கத்தரிக்கோலுக்கு அடிக்கடி சாணை பிடியுங்கள். மழுங்கின கத்தரியால் நாலு மடிப்புத் துணியை வெட்டிக்கொண்டே இருந்தால், நாளடைவில் விரல் மடங்கி நிற்கலாம், நிமிர்த்தினால் சொடக்கென்று விடுபடும். அந்த ட்ரிகர் ஃபிங்கர் சர்க்கரை உள்ளவர்களுக்கு எளிதில் வரும்.

ஓய்வு எடுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, கடிகாரம் பார்த்துத் தைக்கவும் யாருக்கும் வராது. அதனால் நூலையே கணக்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஊசியில் கோக்கும் நூல் ஒரு முழம், அதாவது 45 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். நீள நூல் சிக்கும், பஞ்சாகும், ஒவ்வொரு இழுப்புக்கும் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோக வைக்கும். நூல் தீர்ந்ததும் ஊசியைக் குத்திவைத்துவிட்டு, கையை இறுக்கி மூடி, விரல்களை அகல விரித்து, தோளைப் பின்னால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அடுத்த நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். மிஷினில் தைப்பவர்களுக்கு அடிநூல் சுற்றும் பாபின்தான் கணக்கு. பாபின் தீர்ந்தால் எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் சுற்ற வேண்டும்.

மிஷினில் பெரிய கோதடி தைக்கிறவர்கள் அதிகம் கவனிக்காதது துணியின் எடை. டபுள் பெட் போர்வை மேஜையிலிருந்து தரைக்குத் தொங்கும்போது அது முழுவதையும் உங்கள் இடது தோள்தான் இழுத்துப் பிடிக்கிறது. மேஜைக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்துக்கு ஒரு ஸ்டூலோ டிரங்குப் பெட்டியோ போட்டுத் துணியைத் தாங்கவிடுங்கள். பத்துக்குப் பத்து அறையில் எங்கே போட என்று கேட்பார்கள், நியாயம்தான். அப்படியானால் தைக்காத பாதியைச் சுருட்டித் துணி கிளிப் போட்டு மடியில் வைத்துக்கொள்ளலாம்.

கழுத்து வலிக்குக் காரணத்தைப் பல சமயம் கண்ணில் தேட வேண்டியிருக்கிறது. நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் நடப்பது. கண்ணாடி போடக் கூச்சப்பட்டுத் துணிமேல் குனிகிறார்கள். நிமிர்ந்திருக்கும்போது நாலரை ஐந்து கிலோ இருக்கும் தலை, 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு ஏறத்தாழ 27 கிலோ பாரமாகிறது என்று 2014இல் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் கணக்கிட்டுச் சொன்னார். கண் மருத்துவரிடம் போகும்போது நீங்கள் எத்தனை தூரத்தில் வைத்துத் தைக்கிறீர்கள் என்பதை அளந்து சொல்லுங்கள். படிப்பதற்கும் தைப்பதற்கும் தூரம் வேறு. பைஃபோகல் போட்டு மிஷினில் உட்கார்ந்தால் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்குவீர்கள், அதுவும் கழுத்துக்கு ஆகாது. தையலுக்கென்று தனியாகக் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி வைத்துக்கொள்வது செலவானாலும் நல்லது. தரையில் உட்கார்ந்து தைப்பதில் தப்பில்லை. சுவரில் சாய்ந்து, இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி மணையிலோ மடித்த போர்வையிலோ உட்காருங்கள், மடியில் ஒரு தலையணை வைத்து வேலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போடுவதைப் பகலில் ஜன்னலோரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களிடம் ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். தைக்கிற அறையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் குண்டூசி ஏறியதே தெரியாது. சீழ் வைத்து வீங்கிய பிறகு எக்ஸ்ரேயில் உடைந்த ஊசி முனை தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள், எழுவதற்கு முன் ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டுங்கள். துருப்பிடித்த ஊசிதான் ஆபத்து என்பது தவறான நம்பிக்கை. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் தூசியிலும் இருப்பது, துருவிலிருந்து வருவதல்ல. பத்து வருடத்துக்கு ஒரு தடவை தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகத் தைப்பவர்களைவிடக் குழுவாகத் தைப்பவர்களுக்கு வலி குறைவாக இருப்பதை என் கிளினிக்கில் கவனித்திருக்கிறேன். 2018இல் மகாராஷ்டிராவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, எங்கள் பகுதிச் சுய உதவிக் குழுப் பெண்கள் துணிப்பை தைக்க ஒன்றாக உட்காரத் தொடங்கினார்கள். இப்போது பிறந்த குழந்தைகளுக்குக் குட்டிக் கோதடி தைத்து, வசதியில்லாத வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒருத்தி நூல் கோக்க, ஒருத்தி வெட்ட, ஒருத்தி டீ போட எழுகிறாள். கை வேலை மாறிக்கொண்டே இருக்கிறது. பேச்சு வரும்போது ஊசி தானாக நிற்கும். "என்னக்கா, விரலை உதறிக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்க ஆள் இருக்கிறது. அப்படித்தான் ஒரு மாமியை அவருடைய தோழிகளே கையைப் பிடித்து என்னிடம் அழைத்து வந்தார்கள், மரப்பு தொடங்கிய மூன்றாவது வாரத்தில். ஸ்பிளிண்டோடு சரியாகிவிட்டது.

தீபாவளிக்கும் டிசம்பர் குளிருக்கும் ஆர்டர் குவியும்போதுதான் நிறையப் பேர் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தைக்கிறார்கள். பிரஷர், சர்க்கரை, கிட்னிப் பிரச்சினை இருக்கும்போது அது ஆபத்து. மாத்திரை வலியை மறைக்கும், நரம்பு நசுங்குவதை நிறுத்தாது. கையிலிருந்து பாத்திரம் நழுவுகிறது, பிளவுஸ் கொக்கி போட முடியவில்லை, கட்டைவிரல் மேடு மெலிகிறது என்றால் அந்த வாரமே போங்கள். தனியார் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு சயான் மருத்துவமனை, பரேலில் கேஈஎம் மருத்துவமனை என்று மாநகராட்சி மருத்துவமனைகள் இருக்கின்றன, இரண்டிலும் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி பிரிவுகள் உண்டு.

போகும்போது ரிப்போர்ட்டுகளோடு நீங்கள் தைத்துக்கொண்டிருக்கும் துணியையும், ஊசியையும், போடுகிற கண்ணாடியையும் எடுத்துப்போங்கள். வீட்டில் நீங்கள் தைக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிட வீடியோ எடுத்துத் தரப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நீங்கள் வாயால் சொல்ல மறந்ததையும் நாங்கள் அதில் பார்த்துக்கொள்வோம்.