அந்த மஞ்சள் '32 ஃபோர்டு ஒரிஜினல்தானான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

1972ல அமெரிக்கன் கிராஃபிட்டி படத்துக்காக தயாரிப்பாளர் கேரி கர்ட்ஸ் ஒரு பழைய 1932 ஃபோர்டு ஃபைவ் விண்டோ கூப்பை (ரெண்டு கதவு கார்) சுமார் 1,300 டாலருக்கு வாங்குனார். அதுக்கு மஞ்சள் அடிச்சு, முன்னாடி மட்கார்டை கழட்டி பைக் மட்கார்டு மாதிரி சின்னதா மாட்டி, டி.எச்.எக்ஸ். 138ன்னு நம்பர் பிளேட்டும் போட்டாங்க (டைரக்டர் ஜார்ஜ் லூகாஸோட முதல் படம் டி.எச்.எக்ஸ். 1138, அதோட எதிரொலி). ஷூட்டிங் முடிஞ்சதும் 1,500 டாலருக்கு விக்கப் பாத்தாங்க, ஒருத்தரும் சீண்டல. 1973ல படம் வந்து சக்கைப்போடு போட்டதுக்கு அப்புறம் கதையே வேற, இன்னைக்கு அமெரிக்காவுல இதே மஞ்சள், இதே பிளேட்டோட எத்தனையோ பேர் நகல் கட்டி வச்சிருக்காங்க.

சரி, இப்ப உங்க முன்னாடி ஒரு மஞ்சள் '32 நிக்குது, ஓனர் "இதுதான் சார் படத்துல ஓடுன வண்டி"ங்கறார். எப்படி நம்புறது?

சேஸ் நம்பரைப் பாத்தா போச்சுன்னு தோணும். ஃபேக்டரி வண்டிக்கு அது ஓரளவு சரிதான். 1968ல வந்த புல்லிட் படத்துக்கு ரெண்டு ஃபோர்டு மஸ்டாங் வாங்குனாங்க, ரெண்டுக்கும் அடுத்தடுத்த நம்பர், கடைசி ஆறு இலக்கம் 125558, 125559. ஃபோர்டோட ப்ரொடக்ஷன் ரெக்கார்டுல அந்த நம்பருக்கு என்ன இன்ஜின், என்ன கலர், எந்த ஃபேக்டரின்னு எல்லாம் பதிஞ்சிருக்கு. 558 பல வருஷம் ஆளே தெரியாம இருந்து 2017 வாக்குல மெக்சிகோவுல கிடைச்சப்போ அதை உறுதி பண்ண முதல் பிடி இந்த நம்பர்தான். 559 2020 ஜனவரியில ஏலக் கம்பெனியோட கமிஷனையும் சேத்து ஏலத்துல 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு போச்சு.

ஆனா நம்ம மஞ்சள் கூப் ஒரு ஹாட் ராட், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாத்திக் கட்டுன வண்டி, அங்க இந்தப் பருப்பு வேகாது. ஏன்னா ஹாட் ராட்ங்கறதே ஒரு கலவைச் சாம்பார்தான். பாடி 1932 ஃபோர்டு, இன்ஜின் 1966 செவர்லே 327, கியர்பாக்ஸ் வேற கம்பெனி, பின் ஆக்ஸில் இன்னொரு செவர்லேயில இருந்து கழட்டுனது. (படத்தோட கதை நடக்குறது 1962ல, இன்ஜின் 1966, அதை யாரும் கேக்கல, நானும் விட்டுடறேன்.) இதுல நம்பர்ங்கறது ஃப்ரேமுக்கு, அதாவது பாடியைத் தாங்குற அடிச்சட்டத்துக்கு மட்டும்தான் சொந்தம். '32 ஃபோர்டுல இடது பக்க ஃப்ரேம் ரெயில் மேல மூணு இடத்துல ஒரே நம்பரை குத்தியிருப்பாங்க. முன்னாடி ஸ்டியரிங் பாக்ஸ் பக்கத்துல இருக்குறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், மத்த ரெண்டும் பாடிக்கு அடியில இருக்கு, போல்ட் எல்லாம் கழட்டி பாடியைத் தூக்குனாதான் பாக்க முடியும். திருட்டு வேலை பண்றவன் பெரும்பாலும் முன்னாடி இருக்குறதை மட்டும் ராவி வேற நம்பர் குத்திட்டுப் போயிடுவான், அடியில இருக்குற ரெண்டும் அவனை மாட்டி விட்டுடும்.

ராவுன நம்பரையும் திரும்ப எடுக்கலாம், எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான். நோட்டுல அழுத்தி எழுதிட்டு அந்தப் பக்கத்தைக் கிழிச்சாலும் அடுத்த பக்கத்துல தடம் இருக்கும்ல, அதே கதைதான் இரும்புலயும். பஞ்ச் வச்சு சுத்தியால ஒரு போடு போட்டா பள்ளம் மட்டும் விழுறதில்ல, அந்தப் பள்ளத்துக்குக் கீழயும் கொஞ்ச ஆழத்துக்கு இரும்போட படிக அமைப்பு நசுங்கி, இழுபட்டு, உள்ளுக்குள்ள ஒரு இறுக்கத்தோட இருக்கும். மேல இருக்குற பள்ளத்தை ராவிட்டாலும் கீழ நசுங்குன பகுதி அப்படியே கிடக்கும். இப்ப அந்த இடத்தை எமரி பேப்பர் போட்டு கண்ணாடி மாதிரி தேய்ச்சு, காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் கலந்த ஒரு திரவத்தை (ஃப்ரை ரீஏஜென்ட்னு பேரு) பஞ்சுல தொட்டு மெதுவா தடவணும். இறுக்கமான இரும்பு சும்மா இருக்குற இரும்பை விட வேற வேகத்துல அரிக்கப்படும், அந்த வித்தியாசம் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா நிழல் மாதிரி எழுத்தா தெரியும். சில சமயம் ஒரு இலக்கம் கொஞ்ச நேரம் தெரிஞ்சுட்டு அரிப்பு கூடக்கூட மங்கிப் போயிடும், அதனால ஒருத்தர் தடவ இன்னொருத்தர் கேமராவோட தயாரா நிக்கணும். நசுங்குன ஆழத்தையும் தாண்டி ராவியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

இவ்வளவு பண்ணி நம்பர் கிடைச்சாலும் அது என்ன சொல்லும்? இது 1932ல ஃபோர்டு கட்டுன ஃப்ரேம், அவ்வளவுதான் சொல்லும். படத்துல ஓடுச்சான்னு சொல்லாது. 1972ல யாரும் இந்த வண்டிக்கு இவ்வளவு மவுசு வரும்னு நினைச்சு பேப்பரை பத்திரப்படுத்தல. நல்லவேளை இந்த கூப் ஸ்டூடியோ கைலயே கிடந்துச்சு, 1979ல வந்த ரெண்டாம் பாகத்துலயும் ஓடுச்சு, 80களோட தொடக்கத்துல மூடுன கவர்ல விலை எழுதிக் குடுக்குற ஏலத்துல கான்சாஸ்காரர் ஒருத்தர் எடுத்தார், அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போயிடுச்சு. கை மாறுனது இவ்வளவு கம்மிங்கறதால இதுல பெரிய குழப்பம் இல்ல. எல்லா வண்டிக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது.

அதே படத்துல ஹாரிசன் ஃபோர்டு ஓட்டுற கருப்பு '55 செவர்லேயைப் பாருங்க. அது ஏற்கனவே 1971ல வந்த டூ-லேன் பிளாக்டாப் படத்துக்குக் கட்டுனது. அந்தப் படத்துக்கு மூணு வண்டி கட்டுனாங்க, அதுல ரெண்டு கருப்பு பெயின்ட்டோட இங்க வந்துச்சு. அப்ப "ஒரிஜினல்"னா எது, எந்தப் படத்தோட ஒரிஜினல்? இங்கதான் பேப்பர் கைவிட்டு வண்டியோட உடம்பு பேச ஆரம்பிக்குது. எடை குறையணும்னு முன்பக்கம், கதவு, டிக்கி மூடியெல்லாம் ஃபைபர் கிளாஸ்ல போட்டிருந்தாங்க, ஒரு சின்ன காந்தம் வச்சா ஒட்டாது. கருப்புக்குக் கீழ சுரண்டுனா முதல் படத்தோட சாம்பல் ப்ரைமர் வரணும். கேமரா மாட்டுன வண்டின்னா அதுக்குப் போட்ட பிராக்கெட் ஓட்டை எங்கயாவது இருக்கணும். காப்பி அடிக்கிறவன் ஸ்கிரீன்ல தெரியறதைத்தான் காப்பி அடிப்பான், ஸ்கிரீன்ல தெரியாத ஓட்டையை அவன் எதுக்கு போடப் போறான்?

பெயின்ட் அடுக்கைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். கதவு இடுக்குல, டேஷ்போர்டுக்குப் பின்னாடின்னு யாரும் தேய்க்காத மூலையில இருந்து கடுகு அளவு ஒரு செதில் எடுத்து, ரெசின்ல பதிச்சு, குறுக்கா வெட்டி மைக்ரோஸ்கோப்ல வச்சா மரத்தோட வளையம் மாதிரி அடுக்கடுக்கா தெரியும், ப்ரைமர், கலர், மறுபடி ப்ரைமர், மறுபடி கலர். கலர் மேல தனியா கிளியர் கோட் அடிக்கிற பழக்கம் கார்கள்ல பரவலா வந்தது 80கள்ல, அதனால "இதுதான் 1972ல அடிச்ச மஞ்சள்"னு காட்டுற அடுக்கு மேல ஒட்டிக்கிட்டு கிளியர் இருந்தா சந்தேகப்படணும். இன்னொண்ணு, அந்தக் காலத்து மஞ்சள் பெயின்ட்ல லெட் குரோமேட்ங்கற நிறமி ரொம்ப சகஜம், அப்புறம் ஈயம் விஷம்னு படிப்படியா குறைச்சுட்டாங்க. கையில பிடிக்கிற எக்ஸ்-ரே ஃப்ளூரசன்ஸ் கருவி ஒண்ணு இருக்கு, அதை பெயின்ட் மேல காட்டுனா எக்ஸ்-ரே பட்ட அணு தன் சொந்த அளவு ஆற்றலோட எக்ஸ்-ரேயைத் திருப்பி அனுப்பும், ஈயத்துக்கு ஒரு அளவு, குரோமியத்துக்கு ஒரு அளவு. ரெண்டும் சேந்து வந்தா பழைய மஞ்சளா இருக்க வாய்ப்பு இருக்கு. ஆனா பழைய தகர டப்பா பெயின்ட் இன்னைக்கும் யாரோட ஷெட்லயாவது கிடக்கும், இதை மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லிட முடியாது.

இன்ஜினுக்கு வழி ரொம்ப சுலபம். இந்த 327 மாதிரி செவர்லே ஸ்மால் பிளாக் இன்ஜின்ல பின்னாடி, கியர்பாக்ஸ் சேர்ற இடத்துக்குப் பக்கத்துல வார்ப்புலயே தேதி இருக்கும். "சி 12 6"னு இருந்தா சி மூணாவது எழுத்து, மார்ச் 12, வருஷம் 6ல முடியுது. 66ஆ 76ஆன்னு குழப்பம் வந்தா அதே வார்ப்புல இருக்குற காஸ்டிங் நம்பரை (எந்த வகை பிளாக்னு சொல்ற நம்பர்) பாத்தா தெரிஞ்சுடும். ஆனா இதுவும் எதிர்மறை சாட்சிதான், 1974 பிளாக் இருந்தா அது 1972 ஷூட்டிங்ல இருந்திருக்காது, 1966 பிளாக் இருந்தா லட்சக்கணக்குல வார்த்ததுல ஒண்ணு.

அடுத்தது போட்டோ. இந்த கூப்போட கூரையை 3 இன்ச் இறக்கியிருக்காங்க, அதாவது கண்ணாடித் தூண்களை குறுக்கா அறுத்து 3 இன்ச் எடுத்துட்டு மறுபடி வெல்டு வச்சிருக்காங்க. தூண் நேரா நிக்காம 20 டிகிரி சாஞ்சிருந்தா 3 இன்ச் எடுத்ததும் மேல் துண்டும் கீழ் துண்டும் ஒரு இன்ச்சுக்கு மேல விலகி நிக்கும், அதை வளைச்சோ ஒட்டு போட்டோதான் சேக்கணும், எப்படி சேக்குறதுன்னு ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒரு கைப்பக்குவம். அளக்குறது எப்படின்னா, '32 ஃபோர்டோட வீல்பேஸ் (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) 106 இன்ச்னு தெரியும், பக்கவாட்டு படத்துல அது 530 பிக்சல் வந்தா ஒரு இன்ச்சுக்கு 5 பிக்சல், 3 இன்ச்னா 15 பிக்சல். கேக்க சுலபமா இருக்கு. ஆனா கூரை சக்கரத்தை விட உள்ள தள்ளி இருக்கு, கேமராவுக்கு தூரம், அதனால கொஞ்சம் சின்னதா விழும், அதுக்கு திருத்தம் போடணும். போதாக்குறைக்கு இந்தப் படம் டெக்னிஸ்கோப்ல எடுத்தது, ஃபிலிம் செலவு மிச்சம் பண்ண வழக்கமான ஃப்ரேம்ல பாதி உயரத்தைத்தான் அது பயன்படுத்தும், அதோட பெரும்பாலும் ராத்திரி சீன், மண்ணள்ளி போட்ட மாதிரி புள்ளிபுள்ளியா கிரெய்ன். அதனால அளவெடுக்க படத்தை விட ஷூட்டிங் ஸ்பாட்ல எடுத்த ஸ்டில் போட்டோவுக்குத்தான் மதிப்பு. அதுலயும் தேட வேண்டியது கோணல்மாணலான விஷயங்களை, அதாவது வெல்டு வழிஞ்ச இடம், மையம் தப்புன போல்ட் ஓட்டை, மட்கார்டோட ஓரத்துல ஒரு நெளிவு.

இதுல பெரிய எதிரி மோசடிக்காரன் கூட இல்ல, ஆசையா ரெஸ்டோர் பண்றவர்தான். பெயின்ட்டை மொத்தமா உரிச்சு, ஓட்டையெல்லாம் அடைச்சு, நெளிவை நிமித்தி, பளபளன்னு கொண்டு வந்து நிறுத்துவார், அம்பது வருஷ சாட்சி குப்பைத்தொட்டியில கிடக்கும்.

அதனால அந்த மஞ்சள் வண்டிக்காரர்கிட்ட நான்னா முதல்ல சீட்டைத்தான் காட்டச் சொல்லுவேன். கர்ட்ஸ் வாங்குனப்போ இந்த கூப்புக்கு சிவப்பும் வெள்ளையுமா தையல் போட்ட சீட், அதைத்தான் படத்துக்காக கருப்பு சாயம் அடிச்சு மறைச்சாங்க. நகல் கட்டுறவர் கடைக்குப் போய் கருப்பு ரெக்சினே வாங்கிடுவார். மடிப்போட தையலை கொஞ்சம் பிரிச்சு, சாயம் எட்டாத உள்பக்கத்துல டார்ச் அடிச்சுப் பாக்கணும், அங்க சிவப்பு இருக்கா?