நிறுத்தி வைத்த பழைய வேனுக்கு மறுபடி இன்சூரன்ஸ்: எப்போதாவது சரக்கு ஏற்றுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரண்டு மூன்று வருடமாக ஷெட்டில் நிற்கும் ஆம்னி வேன். இப்போது மாதத்தில் நாலைந்து நாள் சந்தைக்கோ, கல்யாண சமையல் ஆர்டருக்கோ சாமான் ஏற்றிப் போகத் தேவைப்படுகிறது. எப்போதாவதுதானே, குறைந்த பிரீமியத்தில் ஒரு பாலிசி போட்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். இந்திய மோட்டார் இன்சூரன்ஸில் "எப்போதாவது தொழிலுக்கு" என்று தனி வகையே கிடையாது. ஆர்சியில் வண்டி என்னவாகப் பதிவாகியிருக்கிறது, விபத்து நடந்த அன்று அதில் என்ன இருந்தது, இந்த இரண்டையும்தான் பார்ப்பார்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள் சரக்கு ஏற்றி, அன்றைக்கே இடித்துவிட்டால் மற்ற நாட்களின் கணக்கு எடுபடாது.

ஆகவே பிரீமியம் விசாரிக்கும் முன் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். ஐந்து முதல் எட்டு சீட் வரை உள்ள சாதாரண ஆம்னியும் ஈக்கோவும் வெள்ளை போர்டில், சொந்த உபயோகக் காராகப் பதிவாகியிருக்கும். கார்கோ மாடல் என்றால் சரக்கு வாகனம், மஞ்சள் போர்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(14) சரக்கு வாகனத்துக்குத் தரும் விளக்கம் அகலமானது. சரக்குக்கென்றே செய்யப்படாத வண்டியும் சரக்கு ஏற்றப் பயன்படும்போது சரக்கு வாகனம்தான்.

வெள்ளை போர்டு பாலிசி எதைத் தாங்கும்?

காருக்கான பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம், வாகன வியாபாரம் சம்பந்தப்பட்ட ஓட்டம் ஆகியவை அதில் விலக்கு. சரக்கில் இரண்டுக்கு மட்டும் அனுமதி: வியாபார சாம்பிள், சொந்த லக்கேஜ். உங்கள் கடை வேலையாக வங்கிக்குப் போவது, வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது, துணி சாம்பிள் எடுத்துப்போய்க் காட்டுவது எல்லாம் இதே பாலிசியில் தாராளமாகச் செய்யலாம். ஆர்டர் எடுத்த முப்பது பேல் துணியை ஏற்றிப் போனால் பாலிசி தாங்காது.

யாருக்குத் தெரியப் போகிறது என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. அதை நம்பாதீர்கள். எஃப்ஐஆரில் வண்டியில் இருந்த மூட்டைகள் பதிவாகும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எடுக்கும் போட்டோவில் பின்சீட் இல்லாதது தெரியும். சரக்கின் பில்லும் இ-வே பில்லும் உங்கள் வண்டி எண்ணைத்தான் காட்டும். பின்சீட்டைக் கழற்றுவதே தனிச் சிக்கல்: ஆர்சியில் உள்ள அமைப்பை ஆர்டிஓ அனுமதி இல்லாமல் மாற்றுவது பிரிவு 52-க்கு விரோதம்.

இதில் போவது வண்டியின் ரிப்பேர் கிளெய்ம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாம் நபருக்கு அடிபட்டு, வண்டி அனுமதியில்லாமல் வாடகைக்கு ஓடியது நிரூபணமானால், கம்பெனி அவர்களுக்கு நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். உயிரிழப்பு என்றால் அந்தத் தொகை வீட்டை விற்க வைக்கும் அளவுக்குப் போகும்.

சரக்கு வகைக்குப் போனால்

சரக்கு தவறாமல் ஏற்றப் போகிறீர்கள் என்றால் சரக்கு வாகனப் பதிவும் அதற்குரிய பாலிசியும் வேண்டும். இருக்கும் காரை அந்த வகைக்கு மாற்ற முடியுமா என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பழைய வண்டியாக இருந்தால், ஏற்கெனவே சரக்கு வாகனமாகப் பதிவான ஒன்றை வாங்குவது பெரும்பாலும் சுலபம்.

பிரீமியத்தில்தான் பெரிய இடைவெளி. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய அரசின் அட்டவணைப்படி, 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்குத் தேர்டு பார்ட்டி (பிறருக்கு ஏற்படுத்தும் பாதிப்புக்கு மட்டுமான) பிரீமியம் 2,094 ரூபாய். 796 சிசி ஆம்னி இதில் வரும். 1,196 சிசி ஈக்கோவுக்கு 3,416. நாலு சக்கர சரக்கு வாகனம், மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்த்து) 7,500 கிலோவுக்குள் என்றால் இரண்டு விலை இருக்கிறது: பிறர் சரக்கையும் ஏற்றும் பப்ளிக் கேரியருக்கு 16,049, சொந்தச் சரக்கு மட்டும் ஏற்றும் பிரைவேட் கேரியருக்கு 8,510. இவற்றோடு ஜிஎஸ்டி சேரும். சொந்தக் கடைச் சாமானை மட்டும் ஏற்றுபவர் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட்டின் கை பழக்கத்தில் பப்ளிக் கேரியரைத் தேர்ந்தெடுத்துவிடும். பிரைவேட் கேரியர் போட்டுவிட்டு, திரும்பி வரும் வழியில் அடுத்தவர் மூட்டையைக் காசுக்கு ஏற்றினால் அந்த ஓட்டம் பாலிசிக்கு வெளியே போய்விடும்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. பிரிவு 66(3) விலக்கு தருகிறது. எஃப்சி (தகுதிச் சான்று) மட்டும் தவறக் கூடாது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் எஃப்சி. அது காலாவதியானால் ஆர்சியே செல்லாததாகக் கருதப்படும், கிளெய்மும் அங்கேயே நிற்கும். லைசென்ஸ் பற்றிய பயம் வேண்டாம்: எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

சரக்கு வாகனத்துக்கு ஃபுல் கவர் (சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்த பாலிசி) எடுப்பவர்கள் ஐஎம்டி 23 என்ற சேர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் லைட், பம்பர், மட்கார்டு, பானட்டின் பக்கப் பாகங்கள், டயர், அடிபட்ட இடத்தின் பெயின்ட் எதற்கும் காசு வராது. சின்ன இடியில் உடைவது பெரும்பாலும் இவைதான்.

காலாவதியான பாலிசியை உயிர்ப்பிப்பது

பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் என்சிபி, அதாவது கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். ஐந்து வருடம் சேர்த்த 50 சதவீதமானாலும் பூஜ்யத்திலிருந்துதான். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட, விண்ணப்பத்தில் பழைய பாலிசி சென்ற மாதம்தான் முடிந்தது என்றோ, என்சிபி 20 சதவீதம் என்றோ நிரப்பிவிடுவார்கள். கிளெய்ம் வரும்போது கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும், சொந்த சேதத்துக்கான தொகை மொத்தமாகப் போகும். ஓடிபி சொல்வதற்கு முன் விண்ணப்பத்தை முழுக்கப் படியுங்கள்.

ஃபுல் கவர் கேட்டால் வண்டியைப் பார்க்காமல் தர மாட்டார்கள். ஆள் வருவார், அல்லது ஆப் மூலம் நீங்களே நாலு பக்கமும், சேசிஸ் எண்ணும், ஓடோமீட்டரும் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். இருக்கும் நசுங்கலை மறைக்காதீர்கள். அது அறிக்கையில் பதிவாவது பின்னால் தகராறைத் தவிர்க்கும். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் இந்தப் பரிசோதனை பொதுவாக இல்லை.

ஆர்சி 15 வருடம் தாண்டி முடிந்திருந்தால் ஒரு முடிச்சு விழும். புதுப்பிக்க வண்டியை ஆர்டிஓவிடம் காட்ட வேண்டும், காட்ட இன்சூரன்ஸும் புகைச் சான்றும் வேண்டும். அதனால் முதலில் தேர்டு பார்ட்டி பாலிசி, பிறகு புகைச் சான்று, அதன் பின் படிவம் 25-இல் ஆர்சி புதுப்பிப்பு என்று போங்கள். வெள்ளை போர்டு வண்டிக்குச் சொந்த சேதக் கவரைத் தனியாகப் பின்னாலும் சேர்க்கலாம். வண்டியை வெளியே எடுக்கும் முன் பாலிசியில் தொடக்கத் தேதியோடு மணியையும் பாருங்கள். இன்று பணம் கட்டினாலும் நள்ளிரவுக்குப் பிறகே தொடங்கும் பாலிசிகள் உண்டு. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் பிரிவு 196-இன் கீழ் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அடுத்த முறை அபராதம் 4,000.

பழைய வண்டிக்கு ஃபுல் கவர் தேவையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருடம் தாண்டிய வண்டியில் இரும்புப் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் எப்போதும் 50. ரிப்பேர் பில் 18,000 என்று வையுங்கள்: கதவு 8,000, பிளாஸ்டிக் பாகங்கள் 6,000, கூலி 4,000. கதவுக்கு 4,000, பிளாஸ்டிக்குக்கு 3,000, கூலி முழுதாக 4,000, அதில் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) 1,000 போக கைக்கு வருவது 10,000. ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் ஐடிவி (பாலிசியில் குறிக்கும் வண்டி மதிப்பு) பேசி முடிவு செய்வது என்பதால் அது குறைவாகவே இருக்கும். எங்கள் பார்வையில், மாதம் நாலு நாள் ஓடும் பதினைந்து வருட ஆம்னிக்குத் தேர்டு பார்ட்டியோடு தீ, திருட்டுக் கவர் கிடைத்தால் அதுவே போதும். அதோடு உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் விபத்துக் கவரும் வேண்டும். வேறு பாலிசியில் அதே அளவு இருந்தால் மறுபடி வாங்கத் தேவையில்லை.

கேஸ் கிட் பொருத்தியிருந்தால் ஆர்சியிலும் பாலிசியிலும் அது ஏறியிருக்க வேண்டும். சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ கூட வரலாம். வழியில் ஏற்றிக்கொண்டவருக்குக் கவர் கிடையாது. சம்பளத்துக்கு டிரைவர் வைத்தால் ஆளுக்கு 50 ரூபாய் கட்டி அவரையும் சேருங்கள். உள்ளே இருக்கும் சரக்கை எந்த மோட்டார் பாலிசியும் பாதுகாக்காது, அதற்குத் தனியே சரக்குப் போக்குவரத்துப் பாலிசி உண்டு.

வண்டி பழசு என்று சொல்லி தேர்டு பார்ட்டி பாலிசியைத் தர மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ புகார் செய்யலாம். கிளெய்ம் தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.